கொல்லிமலை: ஏரி சின்னது, மலை பெரியது

(ஆண்டுச் சுற்றுலா குறித்து நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் படித்துவிட்டு வாக்களிக்க வேண்டும் என்பதற்காகச் செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தந்திருக்கிறேன்.)



இந்த வருடச் சுற்றுலாவுக்கு நான்கு ஊர்களின் பெயர்கள் வந்திருக்கின்றன. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை. முதல் மூன்றுக்கும் அறிமுகம் தேவையில்லை. நான்காவது பெயரைக் கொடுத்தவன் நான் என்பதால், அது எப்படிப்பட்ட இடம் என்று சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்துவிட்டது. வங்கி வேலையில் சில வருடங்கள் ராசிபுரம் பக்கம் இருந்தவன் நான். அந்த மலைக்குப் பல தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "அங்கே ஏரி இருக்கிறதா, படகு இருக்கிறதா?" என்று பி பிளாக் பிள்ளைகள் கேட்டார்கள். இருக்கிறது. வாசலூர்ப்பட்டியில் ஒரு படகு இல்லம் உண்டு. ஆனால் அது மிகச் சிறியது. ஊட்டி ஏரியை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். பிள்ளைகள் அரை மணி நேரம் மிதிபடகு ஓட்டலாம், பெரியவர்கள் கரையில் உட்கார்ந்து காற்று வாங்கலாம், பக்கத்தில் இருக்கும் தாவரவியல் பூங்காவைப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

ஏரி ஏன் சின்னது என்று கேட்டால், அதற்குள்ளேயே அந்த மலையின் கதை இருக்கிறது.

ஏரிக்கரை ஊர்கள் எப்படி வந்தன?

நாம் கோடை வாசஸ்தலம் என்று சொல்லும் ஊர்களைப் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் தங்கள் வசதிக்காக உண்டாக்கினார்கள். ஊட்டி ஏரி 1820-களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் வெட்டுவித்தது. கொடைக்கானல் ஏரி 1863-இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற அதிகாரி அணை கட்டி உண்டாக்கியது. இரண்டுமே இயற்கை ஏரிகள் அல்ல. ஏரியைச் சுற்றி பங்களா, கிளப், தேவாலயம், பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று ஊர் வளர்ந்தது. ஏற்காட்டில் ஏரி முன்பிருந்தே உண்டு. ஏரியும் காடும் சேர்ந்துதான் அந்தப் பெயர். அங்கேயும் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்து, எஸ்டேட் வந்து, பிறகு ஊர் பெரிதானது.

கொல்லிமலை ஏற்காட்டுக்குப் பக்கத்து மலைதான். கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட அதே குளிர், அதே மழை. இருந்தும் வெள்ளைக்காரர்கள் அங்கே குடியேறவில்லை. காரணம் மலேரியா. மலைக்காய்ச்சலுக்குப் பெயர்போன இடமாக அது இருந்தது. கொல்லி என்ற பெயருக்கே "ஏறியவரைக் கொல்லும்" என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. செங்குத்தான மலை என்பதால் வண்டிப் பாதை போடுவதும் எளிதாக இல்லை. ஆக, துரைமார் பங்களா கட்டவில்லை, ஏரி வெட்டவில்லை, குதிரைப் பந்தயம் நடத்தவில்லை. அந்த மலை அங்கே பிறந்தவர்களின் கையிலேயே இருந்தது. இன்றும் பெருமளவு அப்படித்தான் இருக்கிறது.

எனவே அங்கே நாம் பார்க்கப்போவது ஒரு சுற்றுலா நகரத்தை அல்ல. விவசாயம் நடந்துகொண்டிருக்கும் ஒரு மலையை. இந்த வித்தியாசம் புரிந்து போனால் இரண்டு நாளும் சந்தோஷமாக இருக்கும்.

ஓரியின் மலை

வெள்ளைக்காரர் வராததால் சரித்திரம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஊட்டிக்கு 200 வருடச் சரித்திரம் என்றால், கொல்லிமலைக்குச் சங்க காலத்திலிருந்தே எழுத்தில் சரித்திரம் இருக்கிறது.

கடையெழு வள்ளல்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பாரி, பேகன், காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. அந்த ஓரியின் மலை இதுதான். வில்வித்தையில் கெட்டிக்காரன் என்பதால் வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் என்ற புலவர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அம்புக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே பாட்டில் எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. வழியில் வந்த பாணர் கூட்டம், வேட்டையாடுபவன் யார் என்று தெரியாமலே அவன் முன்னால் பாடுகிறது. ஓரியின் பெயரைச் சொல்லிப் புகழ்ந்ததும் அவன் வெட்கப்படுகிறான். தானே ஓரி என்று சொல்லிக்கொள்ளவில்லை. வேட்டையாடிய மானிறைச்சியையும், தேனையும், தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் கொடுத்து அனுப்புகிறான். தன் மலையில் கிடைத்ததை வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

ஓரியின் முடிவு சோகமானது. இன்னொரு வள்ளலான மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று, கொல்லிமலையைச் சேர மன்னனுக்குக் கொடுத்துவிட்டான். அகநானூற்றில் இந்தச் செய்தி இருக்கிறது. இரண்டு வள்ளல்களில் ஒருவர் மற்றவரைக் கொன்றார் என்பது பள்ளிப் பாடத்தில் வராத விஷயம்.

மலையின் முக்கிய ஊரான செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஆடி 17, 18 தேதிகளில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி எல்லாம் உண்டு.

சங்கப் பாடல்களில் வரும் இன்னொரு பெயர் கொல்லிப்பாவை. தெய்வத்தால் செய்யப்பட்ட பெண் உருவம், தானே அசையும், சிரிக்கும், பார்த்தவர்களை மயக்கும் என்று சொல்லப்பட்ட பாவை. அதே பாவைதான் எட்டுக்கை அம்மன் என்று மலையில் வழிபடுகிறார்கள். அந்தக் கோயிலையும் பார்க்கலாம்.

மலையாளிகள் என்றால் யார்?

அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளி. தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்களின் வழிவந்தவர்கள் என்று அவர்களே சொல்வார்கள். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது மட்டும் மலைக்கு மலை மாறும். சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன் மலைகளிலும் இவர்களுடைய சொந்தங்கள் உண்டு.

மலை மொத்தமும் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று எல்லாப் பெயரும் "நாடு" என்றே முடியும். பழைய ஆட்சிப் பிரிவுகளின் பெயர்களே ஊராட்சிப் பெயர்களாகத் தொடர்கின்றன. 1997 ஜனவரி 1-இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது, சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லிமலை நாமக்கல்லுக்கு வந்தது.

இந்த விவரத்தை எதற்குச் சொல்கிறேன் என்றால், அங்கே "ஏய் தம்பி", "வாம்மா" என்று கூப்பிடும் பழக்கத்தை நாம் அடிவாரத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். நம்மைவிட மூத்த குடிகள் அவர்கள்.

எழுபது வளைவுகள்

சேலம் வரை ரயில். அங்கிருந்து வேனில் ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி அடிவாரம். நாமக்கல்லிலிருந்து வருபவர்கள் சேந்தமங்கலம் வழியாக இதே காரவள்ளிக்கு வருவார்கள். அங்கே ஆரம்பிக்கிறது மலைப்பாதை. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். நாற்பதுக்கு மேல் எண்ணுகிற சத்தம் குறைந்துவிடும்.

தலைசுற்றல் உள்ளவர்களுக்கு மூன்று யோசனை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்தைப் பாருங்கள், செல்போனைப் பார்க்க வேண்டாம். இருபது வளைவுக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய ஓட்டுநர் வேண்டும் என்பதைச் சுற்றுலாக் குழு வண்டி பேசும்போதே சொல்லிவிட வேண்டும். ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை மரியாதை.

வழியில் குரங்குகள் வரும். தின்பண்டம் வீசாதீர்கள். வீசிப் பழக்கியதால்தான் அவை காட்டை விட்டுச் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகின்றன.

மேலே ஏறியதும் சோளக்காடு. அதைத் தாண்டினால் செம்மேடு. மேலே போனால் உச்சி மாதிரி இருக்காது. மேடும் பள்ளமுமாக அகன்ற நிலம் விரியும். பள்ளத்தில் நெல் வயல், மேட்டில் சாமையும் கேழ்வரகும், சரிவில் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பி, மரத்தைத் தழுவி ஏறும் மிளகுக் கொடி, இடையிடையே பலா, வாழை, அன்னாசி.

அறப்பளீஸ்வரரும் ஆகாய கங்கையும்

வளப்பூர் நாட்டில் இருக்கிறது அறப்பளீஸ்வரர் கோயில். தேவார வைப்புத் தலங்களில் ஒன்று. அதாவது, மூவர் பாடல்களில் ஊரின் பெயர் வரும், ஆனால் தனிப் பதிகம் கிடையாது. இந்த இறைவன் மேல் அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நூல். நம் வயதுக்காரர்களின் தாத்தாமார்களுக்குத் தெரிந்திருக்கும்.

கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். யாரும் பிடிப்பதில்லை. யாரோ ஒருவர் இந்த மீனை அறுத்துக் குழம்பு வைக்க, சட்டியைத் திறந்ததும் மீன்கள் உயிரோடு துள்ளி ஆற்றுக்குப் போய்விட்டன என்று கதை சொல்கிறார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒரு கதை ஓர் ஆற்றின் மீனை இத்தனை தலைமுறை காப்பாற்றியிருக்கிறது என்பதை நம்பித்தான் ஆக வேண்டும். கண்ணால் பார்க்கலாம்.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் இறங்குகின்றன. ஐயாறு என்ற ஆறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மூன்று பக்கமும் பாறைச் சுவர். கீழே நின்றால் சாரலிலேயே நனைந்துவிடுவோம். இதே ஆறு கீழே இறங்கி, திருச்சி மாவட்டத்தில் புளியஞ்சோலையில் தரையைத் தொடுகிறது.

படிகளைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, செங்குத்தானவை. நம் குடியிருப்பில் ஒரு மாடிக்கு 18 படிகள். ஆயிரம் படி என்றால் 55 மாடிக்கு மேல். லிஃப்ட் கிடையாது. இறங்குவதைவிட ஏறுவதுதான் பாடு. மூட்டுவலி, இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் இறங்கவே வேண்டாம். கோயிலில் உட்கார்ந்திருங்கள், மீனுக்குப் பொரி போடுங்கள். இறங்குகிறவர்கள் காலையிலேயே இறங்கிவிடுங்கள். பலத்த மழை நாளில் அருவிக்கு அனுமதி இருக்காது. அனுமதி இல்லை என்றால் வாதாடாமல் திரும்ப வேண்டும். மலையில் வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது.

படி இறங்க முடியாதவர்களுக்கு மாசிலா அருவியும், நம் அருவியும் இருக்கின்றன. உயரம் குறைவு, போவது எளிது. மாசி பெரியண்ணசாமி கோயில் மலை உச்சியில் இருக்கிறது. கீழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு அவர் குலதெய்வம். சீக்குப்பாறையிலும் சேலூர் நாட்டிலும் காட்சிமுனைகள் உண்டு. மூடுபனி இல்லாத நாளில் கீழே சமவெளி வரைபடம் மாதிரி தெரியும். ஆகாய கங்கைக்குப் பக்கத்தில் கோரக்கர் குகை என்று சித்தர்கள் பெயரில் குகைகளும் இருக்கின்றன. வழிகாட்டி இல்லாமல் அங்கே போக வேண்டாம்.

சாமையும் ஜவ்வரிசியும்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். சுற்றுலாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

கொல்லிமலையின் பழைய சாப்பாடு சாமை, தினை, கேழ்வரகு. மழையை நம்பி விளைபவை. உரம் வாங்க வேண்டாம், விதையும் வீட்டிலேயே இருக்கும். ஒவ்வொன்றிலும் பல ரகங்கள். சீக்கிரம் விளைவது ஒன்று, மழை குறைந்தாலும் தாங்குவது ஒன்று என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வைத்தவை.

இன்று அந்த மலையில் போகும் வழியெல்லாம் மரவள்ளிச் செடியைப் பார்ப்பீர்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். அது பெரிய தொழிலாக வளர்ந்தது. சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் 1981-இல் வந்தது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். மலைக்குச் சாலை வந்ததும் லாரியும் வந்தது. லாரி வந்ததும் சாமைக் காட்டில் மரவள்ளி ஏறியது.

பேரேடு எழுதியே காலம் தள்ளியவன் என்பதால், இதை வரவு செலவாகவே பார்க்கிறேன். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மரவள்ளி போட்டால் மொத்தமாகப் பணம் கையில் வரும். பிள்ளை படிப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பணம்தான் வேண்டும். சாமையைக் கேட்டு வாங்க ஆள் இல்லை. ரேஷனில் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011-இலிருந்து விலையில்லாமலே கிடைக்கிறது. அரிசி கையில் இருக்கும்போது சாமையை யார் குத்துவார்கள்?

"குத்துவது" என்ற சொல்லில்தான் சூட்சுமம். சாமைக்கு உமி கெட்டியானது. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பதற்குள் தோள் இற்றுப்போகும். அது முழுக்கப் பெண்களின் வேலை. அந்த வேலையிலிருந்து விடுதலை கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

வரவுப் பக்கம் இப்படி. செலவுப் பக்கமும் ஒன்று உண்டு. சரிவான நிலத்தில் வருடா வருடம் கிழங்கைப் பிடுங்கினால் மேல்மண் தளர்ந்து மழையோடு போய்விடும். கிழங்கு விலை விழுகிற வருடத்தில் வீட்டில் தின்னவும் தானியம் இருக்காது. விதையை ஒரு சில வருடங்கள் விதைக்காமல் விட்டால் அந்த ரகமே இல்லாமல் போகும். நகையை அடகு வைத்தால் மீட்கலாம், போன விதையை மீட்க முடியாது.

இதைக் கவனித்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அந்த மலையில் வேலை செய்துவருகிறது. ஊரிலேயே விதை வங்கி வைத்தார்கள். உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமத்துக்கே கொண்டுவந்து மகளிர் குழுக்களிடம் கொடுத்தார்கள். உலக்கை வேலை குறைந்தது. சாமை அரிசி, தினை மாவு, ராகி மால்ட் என்று பொட்டலம் போட்டு விற்க வழி செய்தார்கள். விதை வங்கி நம் வங்கி மாதிரியேதான். விதை கடன் வாங்குகிறவர் அறுவடைக்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். வட்டியும் விதைதான்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது நினைவிருக்கும். நம் குடியிருப்பிலும் சர்க்கரை உள்ளவர்கள் பாதிப் பேராவது சாமைக்கு மாறியிருக்கிறோம். ஆனால் வாங்குவது சூப்பர் மார்க்கெட் பாக்கெட். அது எங்கே விளைந்தது என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

அந்த மலையில் என்ன விளையும் என்பதைத் தீர்மானிப்பதில் நம் சமையலறைக்கும் பங்கு உண்டு. நாம் சாமை கேட்டால் சாமை நிற்கும். நாம் போகிற இரண்டு நாளில் அங்கே நேரில் கேட்டு வாங்கினால், பணம் இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவர் கைக்குப் போகும். ஓரி கொடுத்ததாகச் சொன்னேனே, மலையில் கிடைத்ததை வந்தவர்களுக்கு. அவர்கள் இன்றும் கொடுக்கத் தயார். வாங்கிக்கொள்ள வருகிறவர்கள் சிப்ஸ் பாக்கெட்டைக் கீழேயிருந்தே கட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

என்ன வாங்கலாம், என்ன செய்யலாம்

மிளகு வாங்குங்கள். நல்ல மிளகு கனமாக இருக்கும், தண்ணீரில் போட்டால் அடியில் தங்கும். காப்பிக்கொட்டை, மலைவாழை, அன்னாசி, பருவத்தில் பலா. மே, ஜூன் மாதங்களில் போனால் பலா வாசனை சாலையிலேயே வரும். சோளக்காட்டுச் சந்தையில் எல்லாம் கிடைக்கும். சாமை, தினை அரிசிக்கு மகளிர் குழு விற்பனை எங்கே என்று கேட்டு வாங்குங்கள். பத்து ரூபாய்க்குப் பேரம் பேச வேண்டாம். மால் கடையில் நாம் பேரம் பேசுவதில்லை.

ஆகாய கங்கைப் படிக்கட்டுப் பக்கம் முடவாட்டுக்கால் சூப் விற்பார்கள். பெயரைக் கேட்டு சைவர்கள் பயப்பட வேண்டாம். பாறையில் வளரும் ஒரு வகைப் பெரணியின் கிழங்கு அது. மேலே ரோமம் மாதிரி இருப்பதால் ஆட்டுக்கால் போலத் தெரியும். ருசியும் ஏறத்தாழ அப்படித்தான். ஒரு கோப்பை குடித்துப் பாருங்கள். மூட்டுவலி போய்விடும் என்று சொல்லிக் கிழங்கையே மூட்டை மூட்டையாக வாங்கி வர வேண்டாம். காட்டிலிருந்து பெயர்த்து எடுப்பது அது. எல்லோரும் மூட்டை கட்டினால் பாறை வெறுமையாகிவிடும்.

பணம் சில்லறையாகக் கொண்டு வாருங்கள். சில இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது, செயலி வேலை செய்யாது. வண்டிக்கு எரிபொருளை அடிவாரத்துக்கு முன்பே நிரப்பிவிட வேண்டும். குளிராடை ஒன்று, குடை ஒன்று, அன்றாட மாத்திரைகள், ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடை இருக்கிறது. தடை இருக்கிறதோ இல்லையோ, நாம் கொண்டுபோகும் குப்பையை நாமே திரும்பக் கொண்டுவருவோம். நம் வளாகத்தில் குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லி இத்தனை சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறோம். மலையிலும் அதே சுற்றறிக்கை செல்லும்.

காலம்: ஆடிப்பெருக்குச் சமயத்தில் கூட்டம் அதிகம், தங்க இடம் கிடைப்பது கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். பொங்கல் கழிந்து வரும் ஒரு சனி, ஞாயிறு நமக்குத் தோதாக இருக்கும். மழை முடிந்த கையோடு அருவியில் தண்ணீரும் இருக்கும்.

நிகழ்ச்சி நிரல்: வெள்ளி இரவு ரயில். சனி காலை மலையேற்றம், மதியம் வாசலூர்ப்பட்டி படகும் பூங்காவும், மாலை காட்சிமுனை. ஞாயிறு காலை அறப்பளீஸ்வரர், ஆகாய கங்கை, பிறகு சந்தை. மதியம் இறங்கி, நாமக்கல்லில் 18 அடி ஆஞ்சநேயரையும் குடைவரை நரசிம்மரையும் தரிசித்துவிட்டு இரவு ரயில்.

ஏன் இப்போது?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியதாகிவிட்டது. வண்டிகள் தாங்காமல் உயர் நீதிமன்றமே தலையிட வேண்டி வந்தது. அந்த ஊர்கள் நம்மைப் போன்றவர்களின் பாரத்தால் திணறுகின்றன. கொல்லிமலையிலும் விடுதிகள் வர ஆரம்பித்துவிட்டன. அங்கே இன்னும் நெல்லும் சாமையும் விளைகிற நிலம் இருக்கிறது. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் அதில் விதைப்பதா, விற்றுவிடுவதா என்ற கணக்கு ஒவ்வொரு வருடமும் நடந்துகொண்டிருக்கிறது. மிளகுக்கும் சாமைக்கும் நல்ல விலை கிடைத்தால் அந்தக் கணக்கு ஒரு பக்கம் சாயும். கிடைக்காவிட்டால் மறுபக்கம் சாயும்.

நம் ஐம்பது பேரால் அது மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்த பிறகு விருப்பமுள்ள வீடுகள் சேர்ந்து, மாதம் ஒருமுறை அந்த மகளிர் குழுக்களிடமிருந்து சாமையும் மிளகும் மொத்தமாக வரவழைக்கலாம். கணக்கு பார்க்க நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம். சாமைச் சோறு வடிப்பது எப்படி என்று கேட்கும் சகோதரிகளுக்கும், சமைக்கத் தயாராக இருக்கும் சகோதரர்களுக்கும்: ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், கழுவிக் கால் மணி நேரம் ஊறவைத்தால் போதும்.

வாக்குச் சீட்டு சங்க அலுவலகத்தில் இருக்கிறது. பெரிய ஏரி வேண்டும் என்பவர்கள் கொடைக்கானலுக்குப் போடுங்கள், அதுவும் நல்ல ஊர்தான். கொல்லிமலைக்குப் போடுகிறவர்கள் வாக்குச் சீட்டின் பின்பக்கம் இரண்டு விவரம் எழுதுங்கள்: வீட்டிலிருந்து எத்தனை பேர், அதில் படி இறங்கப்போகிறவர்கள் எத்தனை பேர். வண்டியும் அறையும் பேசுவதற்குக் குழுவுக்கு அது உதவும்.